105 சதவீத மழைன்னா என்ன? ஒரு கால்குலேட்டர், ஒரு ஷீட், ஒரு மணி வளைவு

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம் இது. ஒலிப்பதிவில் "இந்த பட்டன், அந்த பட்டன்" என்று சொன்ன இடங்களைப் படிக்க வசதியாக மாற்றியிருக்கிறேன். ஃபங்ஷன் பெயர்கள் இங்கே தமிழ் எழுத்தில் இருக்கும். ஷீட்டில் தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்டணும்.)

போன வருஷம், அதாவது 2025 ஏப்ரல் நடுவில், திருநின்றவூர் வீட்டு ஹாலில் டிவி ஓடிட்டிருக்கு. பெரியப்பா வந்திருந்தார். அவருக்குப் பாக்கம் பக்கம் ரெண்டு ஏக்கர் நிலம். ஏரித் தண்ணி வந்தா சம்பா, வரலைன்னா கிணறு, கிணறும் இறங்கிட்டா ஒண்ணுமில்ல. டிவியில் கீழே ஓடுற எழுத்தில், "தென்மேற்குப் பருவமழை இந்த ஆண்டு 105 சதவீதம்" என்று போனது. பெரியப்பா என்னைப் பார்த்தார்.

"ஏம்பா, நூத்துக்கு நூத்தியஞ்சுன்னா நிச்சயம் மழைன்னு அர்த்தமா? அப்ப போர் இறக்கறதுக்கு நகையை வைக்க வேண்டாம்ல?"

நான் சிரிச்சிட்டேன். ஆனா அவர் சிரிக்கலை. பெரியம்மாவோட நகை அது. நகைக்கடன் எடுத்து போர்வெல்லை ஆழப்படுத்துறதா, இந்த வருஷம் மழையை நம்பி விட்டுடறதா என்று ஒரு மாசமா வீட்டில் பேச்சு. அந்த முடிவுக்கு டிவியில் வந்த ஒரே ஒரு எண்ணைப் பிடிச்சிட்டு நிக்கிறார்.

பக்கத்திலேயே அவர் பொண்ணு, எனக்குத் தங்கச்சி, செகண்ட் இயர் இன்ஜினியரிங். நிகழ்தகவு பாடத்தில் இயல்நிலைப் பரவல் வரைக்கும் வந்திருக்கா. "அண்ணா, இது மியூ, சிக்மா கணக்குதானே? எங்களுக்கு டேபிள் குடுத்துப் போடச் சொல்வாங்க" என்றாள். ஆமா, அதே கணக்குதான். அன்னிக்கு சாயங்காலம் அவளோட கால்குலேட்டர், என்னோட லேப்டாப், ரெண்டையும் வச்சுப் போட்டுப் பார்த்தோம். இன்னிக்கு எபிசோட் அதுதான்.

முதல்ல அந்த 105 எதோட 105 என்று பார்த்துடலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும், 122 நாளில், நாடு முழுக்கப் பெய்யும் மழையை ஒரே எண்ணாகச் சுருக்குது. 1971 முதல் 2020 வரைக்கும் 50 வருஷத்து சராசரி 868.6 மில்லிமீட்டர், சுமாராக 87 சென்டிமீட்டர். அதுக்கு நீண்டகால சராசரி என்று பேர். அதை 100 என்று வச்சா, வருஷத்துக்கு வருஷம் வரும் ஏற்ற இறக்கத்தின் திட்டவிலக்கம் ஏறக்குறைய 10. அதாவது மாறுபாட்டுக் கெழு 10 சதவீதம். இந்த ரெண்டு எண்ணும் கைவசம் இருந்தா போதும்: சராசரி 100, திட்டவிலக்கம் 10. கணக்கு போட இதைவிட வசதியான எண்கள் கிடைக்காது.

துறை இதை அஞ்சு பெட்டியாகப் பிரிக்குது. 90-க்குக் கீழே பற்றாக்குறை. 90 முதல் 95 இயல்பைவிடக் குறைவு. 96 முதல் 104 இயல்பு. 105 முதல் 110 இயல்பைவிட அதிகம். 110-க்கு மேல் மிகை.

இப்ப கேள்வி: எந்த முன்னறிவிப்பும் இல்லாம, சும்மா ஏதோ ஒரு வருஷத்தை எடுத்தா, அது பற்றாக்குறை வருஷமா இருக்க வாய்ப்பு எவ்வளவு? மணி வளைவு என்று சொல்றோமே, அதில் 90-க்கு இடதுபக்கம் இருக்கும் பரப்பு எவ்வளவு என்பதுதான் கேள்வி. இந்தப் பரப்பைக் கண்டுபிடிக்கப் பேனாவால் எழுதி முடிக்கிற மாதிரி ஒரு சூத்திரம் கிடையாது. அந்த ஃபங்ஷனைத் தொகையிட்டா நமக்குத் தெரிஞ்ச எந்த எளிய ஃபங்ஷனும் வராது. அதனால்தான் நூறு வருஷமா அட்டவணை அச்சடிச்சு வச்சுட்டிருந்தாங்க. மெஷின் செய்றது அந்த அட்டவணையோட வேலையைத்தான்.

கால்குலேட்டரில்

தங்கச்சிகிட்ட இருந்தது கேசியோ 991 எம்எஸ். நம்ம ஊரில் பாதி இன்ஜினியர்கள் அதைத்தான் வச்சிருப்போம். அதில் இயல்நிலைப் பரவல் இருக்கு என்பதே பலருக்குத் தெரியாது. எனக்கும் படிக்கும்போது தெரியாது, நாலு வருஷமும் டேபிளைப் புரட்டியே ஓட்டினேன்.

மோட் பட்டன் ரெண்டு தடவை, அப்புறம் 1. எஸ்டி மோடுக்குப் போயிடும். ஷிஃப்ட் அமுக்கி 3 அமுக்குங்க. பி, க்யூ, ஆர் என்று மூணு எழுத்து வரும். பி என்பது இடதுபக்கக் கடைசியிலிருந்து உங்க எண் வரைக்கும் உள்ள பரப்பு. க்யூ என்பது நடுவிலிருந்து, அதாவது பூஜ்யத்திலிருந்து உங்க எண் வரைக்கும். ஆர் என்பது உங்க எண்ணிலிருந்து வலதுபக்கக் கடைசி வரைக்கும். பரீட்சையில் கொடுக்கும் டேபிள் பெரும்பாலும் இந்த க்யூதான். 0.5-ஐக் கூட்டணுமா கழிக்கணுமா என்று மண்டையைப் பிச்சுக்கிறது இதனால்தான். பி தெரிஞ்சுட்டா அந்தத் தலைவலி போச்சு.

ஆனா இந்த மாடலுக்கு சராசரி, திட்டவிலக்கம் எதுவும் தெரியாது. இசட் மதிப்பு மட்டும்தான் வாங்கும். 90 கழித்தல் 100, வகுத்தல் 10, வர்றது மைனஸ் 1. பி, மைனஸ் 1, ஈக்வல். 0.15866. சுமார் 16 சதவீதம். ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை.

புது கிளாஸ்விஸ் மாடல்களில் டிஸ்ட்ரிப்யூஷன் என்று தனி மெனு இருக்கு. அதில் நார்மல் சிடி எடுங்க. கீழ் எல்லை, மேல் எல்லை, சிக்மா, மியூ என்று நாலு கேட்கும். வரிசையைக் கவனிச்சீங்களா? கேசியோவில் சிக்மா முதல்ல, மியூ அப்புறம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டிஐ-84 மாதிரி கிராஃபிங் கால்குலேட்டரில் நார்மல்சிடிஎஃப் என்ற ஃபங்ஷன், செகண்ட் அமுக்கி வார்ஸ் அமுக்கினா வரும். அங்கே கீழ் எல்லை, மேல் எல்லை, மியூ, சிக்மா. தலைகீழ். சிங்கப்பூரில் ஏ லெவல் கணக்குக்கு கிராஃபிங் கால்குலேட்டரோடதான் பரீட்சை எழுதறாங்க. இங்கே நம்ம கையில் அது வர்றது அபூர்வம். வரைபடமாப் பார்க்கணும்னா டெஸ்மாஸ் இணையத்தில் சும்மாவே கிடைக்குது. நார்மல்டிஸ்ட், அடைப்புக்குறிக்குள் 100 கமா 10 என்று அடிச்சா வளைவு வந்துடும். கீழேயே எல்லைகளைக் கேட்கும், கொடுத்தா அந்தப் பரப்பை நிறம் அடிச்சுக் காட்டும். முதல் தடவை பார்க்கிறவங்க இதில் ஆரம்பிக்கிறது நல்லது. எந்தப் பரப்பைக் கேட்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு சின்ன விஷயம். 90-க்குக் கீழே என்று கேட்கும்போது கீழ் எல்லைக்கு என்ன போடுறது? டிஐ புத்தகங்களில் மைனஸ் 10-இன் அடுக்கு 99 போடச் சொல்லுவாங்க. மைனஸ் முடிவிலிக்குப் பதிலா. நம்ம கணக்கில் 0 போட்டாலே போதும். 0 என்பது சராசரியிலிருந்து பத்து திட்டவிலக்கம் தள்ளி. அங்கே வளைவுக்குக் கீழே ஒண்ணும் மிச்சமில்லை.

ஷீட்டில்

கூகுள் ஷீட்ஸ், எக்செல், லிப்ரேஆபீஸ், மூணிலும் ஒரே பேர். நார்ம் புள்ளி டிஸ்ட். அதாவது என், ஓ, ஆர், எம், ஒரு புள்ளி, டி, ஐ, எஸ், டி.

=நார்ம்.டிஸ்ட்(90, 100, 10, ட்ரூ)

விடை 0.158655. எண், சராசரி, திட்டவிலக்கம், கடைசியில் ட்ரூ. அந்தக் கடைசி வார்த்தைதான் விஷயம். ட்ரூ போட்டா இடதுபக்கப் பரப்பு முழுக்கக் கூட்டி வரும். ஃபால்ஸ் போட்டா 0.0242 வரும். அது பரப்பு இல்ல, 90-க்கு நேரா வளைவோட உயரம். அது நிகழ்தகவே இல்ல. ஆனா பார்க்க 2.4 சதவீதம் மாதிரியே இருக்கும், எந்த எரரும் வராது, சிவப்பு நிறமும் காட்டாது. கோட் எழுதுறவனா சொல்றேன், கிராஷ் ஆகிற பக் நல்ல பக். அமைதியா தப்பு விடை தர்ற பக்தான் ஆளைக் கொல்லும்.

நடுவில் இருக்கும் பெட்டிக்கு ரெண்டு தடவை போட்டுக் கழிக்கணும். 104 வரைக்கும் உள்ள பரப்பு, கழித்தல் 96 வரைக்கும் உள்ள பரப்பு. 0.6554 கழித்தல் 0.3446, 0.3108. அதாவது 31 சதவீதம். 110-க்கு மேல் வேணும்னா 1 கழித்தல் நார்ம்.டிஸ்ட். மறுபடி 16 சதவீதம்.

இப்ப அஞ்சு பெட்டியையும் வரிசையா வச்சுப் பார்த்தோம். மணி வளைவு சொல்றது 16, 19, 31, 19, 16. முன்னறிவிப்போட சேர்த்து வானிலைத் துறை ஒரு பட்டியல் வெளியிடும். கடந்த கால வருஷங்களை வச்சு, சாதாரணமா எந்தப் பெட்டிக்கு எவ்வளவு வாய்ப்பு என்று. அதில் இருக்கிறது 16, 17, 33, 16, 17. தங்கச்சி கண்ணு விரிஞ்சுது. ரெண்டே ரெண்டு எண்ணை வச்சு, அரை நூற்றாண்டு மழைக் கணக்குக்கு இவ்வளவு கிட்ட வந்துட்டோம்.

"இடிக்குதே அண்ணா, 31-ம் 33-ம்" என்றாள். 95.6 எந்தப் பெட்டி? துறை முழு எண்ணாகச் சொல்லுது, 95-க்கும் 96-க்கும் நடுவில் கோடு எங்கேன்னு நாமதான் முடிவு பண்ணணும். நான் 96-இலும் 104-இலும் வெட்டினேன். 95.5-இலும் 104.5-இலும் வெட்டினா 35 வரும். 33 ரெண்டுக்கும் நடுவில். இந்த அளவு துல்லியத்தில் சண்டை போடறதில் அர்த்தமில்ல.

சரி, நிஜ வருஷங்கள்? 2001 முதல் 2025 வரைக்கும் 25 வருஷம். 90-க்குக் கீழே போனவை 2002, 2004, 2009, 2014, 2015. அஞ்சு. வளைவு எதிர்பார்க்கிறது 25 பெருக்கல் 0.16, நாலு. பரவாயில்ல. ஆனா வலதுபக்கம் பாருங்க. அங்கேயும் நாலு இருக்கணும். 2019 சரியா 110-இல் வந்து நின்னுது, தாண்டின வருஷம் ஒண்ணுகூட இல்ல. மணி வளைவு ரெண்டு பக்கமும் சமம். மழைக்கு அப்படிச் சமமா இருக்கணும்னு கட்டாயம் இல்ல.

எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு உதாரணம் சொல்லலாம். இதயாலீஸ்வரர் கோயில் இங்கேதான். பூசலார் நாயனார் கையில் காசில்லாம, மனசுக்குள்ளேயே செங்கல் செங்கலா ஒரு கோயில் கட்டி கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறிச்சார். காஞ்சியிலிருந்து பல்லவ ராஜா அந்தக் கோயிலைத் தேடிட்டு வந்தார் என்பது கதை. மணி வளைவும் அப்படி மனசில் கட்டின கோயில்தான். அளவு எல்லாம் சுத்தம். வெளியே போய்த் தேடினா அப்படியே நிக்கிறது எங்கேயும் இருக்காது.

அந்த பிளஸ் ஆர் மைனஸ் 5

இப்ப பெரியப்பாவோட 105-க்கு வருவோம். 2025 ஏப்ரல் 15 அன்னிக்கு வந்த அறிவிப்போட முழு வாக்கியம், 105 சதவீதம், மாதிரிப் பிழை கூட்டல் அல்லது கழித்தல் 5 சதவீதம். டிவியில் அந்த ரெண்டாவது பாதி வரலை. வந்திருந்தாலும் யார் படிச்சிருப்பா.

நான் முதல்ல செஞ்ச தப்பைச் சொல்லிடறேன். பிளஸ் ஆர் மைனஸ் 5-ஐப் பார்த்ததும், ஆகா, சராசரி 105, திட்டவிலக்கம் 5 என்று தட்டிட்டேன். 90-க்குக் கீழே போகும் வாய்ப்பு 0.00135. எழுநூத்தி நாப்பது வருஷத்துக்கு ஒரு தடவை. திரும்பி, "பெரியப்பா, நகையை வைக்க வேண்டாம்" என்று சொல்ல வாயைத் திறந்துட்டேன்.

நல்ல வேளை, தங்கச்சி போனில் அறிவிப்பைத் திறந்து வச்சிருந்தா. அதே அறிக்கையில் அஞ்சு பெட்டிக்கும் தனித்தனியா நிகழ்தகவு கொடுத்திருக்காங்க. பற்றாக்குறை 2 சதவீதம், இயல்பைவிடக் குறைவு 9, இயல்பு 30, இயல்பைவிட அதிகம் 33, மிகை 26. என்னோட 0.13 சதவீதம் எங்கே, அவங்களோட 2 சதவீதம் எங்கே? பதினஞ்சு மடங்கு வித்தியாசம். மிகையிலும் அப்படித்தான். நான் போட்டது 16, அவங்க சொல்றது 26.

அப்படின்னா அவங்க மனசில் இருக்கும் வளைவு என்னோடதைவிட அகலம். எவ்வளவு அகலம்? இங்கேதான் தலைகீழ் ஃபங்ஷன் வருது. இதுவரைக்கும் எண்ணைக் கொடுத்துப் பரப்பை வாங்கினோம். பரப்பைக் கொடுத்து எண்ணை வாங்கணும்னா நார்ம் புள்ளி எஸ் புள்ளி இன்வ். டிஐ-84-இல் இன்வ்நார்ம், கிளாஸ்விஸ்ஸில் இன்வர்ஸ் நார்மல்.

இடதுபக்கம் 2 சதவீதம் இருக்கிற இடம் 90. நார்ம்.எஸ்.இன்வ்(0.02) தர்றது மைனஸ் 2.054. வலதுபக்கம் 26 சதவீதம், அதாவது இடதுபக்கம் 74 சதவீதம் இருக்கிற இடம் 110. நார்ம்.எஸ்.இன்வ்(0.74) தர்றது 0.643. ரெண்டுக்கும் நடுவில் 2.697 திட்டவிலக்கம். அதுதான் 90-க்கும் 110-க்கும் நடுவில் இருக்கும் 20. இருபதை 2.697-ஆல் வகுத்தா 7.4. திட்டவிலக்கம் கிடைச்சாச்சு. 110-இலிருந்து 0.643 பெருக்கல் 7.4-ஐக் கழிச்சா 105.2. சராசரியும் கிடைச்சாச்சு.

பாருங்க, 105 என்ற எண்ணை நான் உள்ளே கொடுக்கவே இல்லை. ரெண்டு ஓரத்துப் பெட்டியை மட்டும் கொடுத்தேன், 105.2 தானா வந்து நிக்குது. இந்த வளைவை வச்சு அஞ்சு பெட்டியையும் திரும்பப் போட்டா 2, 9, 33, 31, 26. அறிக்கையில் 2, 9, 30, 33, 26. ஓரங்கள் பொருந்தும், அதை வச்சுத்தானே கட்டினோம். நடுவும் கிட்டத்தட்டப் பொருந்துது என்பதுதான் நமக்குக் கிடைச்ச புது விஷயம். ஒண்ணு சொல்லணும், துறை இதை மணி வளைவு வச்சுப் போடலை. பல காலநிலை மாதிரிகளைச் சேர்த்து ஓட்டி எடுக்கிறாங்க. நாம வெளியிலிருந்து ஒரு சட்டையைத் தைச்சு அளவு சரியா இருக்கான்னு பார்த்தோம், அவ்வளவுதான்.

ஆக, 105 என்பதோட அர்த்தம், சாதாரணமா ஆறில் ஒண்ணா இருக்கும் பற்றாக்குறை வாய்ப்பு இந்தத் தடவை அம்பதில் ஒண்ணா குறைஞ்சிருக்கு. பெரிய மாற்றம். "நிச்சயம்" இல்ல. எழுநூத்தி நாப்பதில் ஒண்ணும் இல்ல. பிளஸ் ஆர் மைனஸ் என்று எதைப் பார்த்தாலும் அதை சிக்மான்னு எடுத்துக்கக்கூடாது என்று இந்தத் தடவை எனக்கே பாடம். யாராவது அப்படி ஒரு எண்ணைக் கொடுத்தா, "இது ஒரு திட்டவிலக்கமா, ரெண்டா, இல்ல வேற ஏதாவதா?" என்று கேட்டுட்டுத்தான் ஷீட்டைத் திறக்கணும்.

கடைசியில் என்ன ஆச்சு? செப்டம்பர் முடிஞ்சப்போ நாட்டு சராசரி 108 சதவீதம். நம்ம தைச்ச வளைவில் 108-ஓ அதுக்கு மேலோ வர்ற வாய்ப்பு 35 சதவீதம். ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல.

ஆனா பாக்கத்தில்?

"நாட்டுக்குப் பெஞ்சா எனக்குப் பெஞ்ச மாதிரியாடா?" பெரியப்பா இதைக் கேட்டது அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது. எங்க ரெண்டு பேர் மூளைக்கும் தோணாதது. நாங்க ஒரு மணி நேரமா தசமத்தில் விளையாடிட்டிருந்தோம்.

அந்த 868.6 என்பது 36 வானிலை உட்பிரிவுகளோட மழையைப் பரப்பளவுக்கு ஏத்த மாதிரிச் சேர்த்து எடுத்த ஒரு சராசரி. மேகாலயாவும் ராஜஸ்தானும் அதுக்குள்ளே. பல இடம், பல நாள், எல்லாத்தையும் கூட்டும்போது ஒரு இடத்தோட கிறுக்குத்தனத்தை இன்னொரு இடம் சமன் செய்யும். கூட்டுத்தொகைகள் மணி வளைவை நோக்கிப் போகும் என்பதுதான் மைய எல்லைத் தேற்றம். இயல்நிலைப் பரவல் எங்கே வேலை செய்யும்னு கேட்டா, நிறைய சின்னச் சின்ன விஷயங்கள் கூட்டப்பட்ட இடத்தில். இதுகூட முழுசா உண்மையில்ல. எல் நினோ வந்தா பல இடம் சேர்ந்தே காயும், 2002, 2009, 2015 மாதிரி. அதனால்தான் இடது ஓரம் வளைவு சொல்றதைவிடக் கொஞ்சம் கனம்.

பெரியப்பாவோட ரெண்டு ஏக்கரில் எதையும் யாரும் கூட்டலை. அதுவும் திருவள்ளூர் மாவட்டத்தில் ஏரி நிறைக்கிறது பெரும்பாலும் அக்டோபருக்கு மேல் வர்ற வடகிழக்குப் பருவமழை. டிவியில் சொன்னது வேற மழை.

ஒரே இடத்து மழையை மணி வளைவில் போட்டா என்ன ஆகும்னு ஒரு விளையாட்டு காட்டறேன். சென்னை சுற்றுவட்டாரத்தில் வருஷத்துக்கு சுமார் 140 சென்டிமீட்டர். ஒரு நாளைக்குச் சராசரி 4 மில்லிமீட்டர் என்று வச்சுக்குவோம். திட்டவிலக்கம் உதாரணத்துக்கு 15 என்று வைங்க. இப்ப நார்ம்.டிஸ்ட்(0, 4, 15, ட்ரூ). விடை 0.39. அதாவது நூத்துக்கு 39 நாள் பூஜ்யத்துக்குக் கீழே மழை பெய்யும். தரையிலிருந்து வானத்துக்கு. மெஷின் கொஞ்சம்கூட யோசிக்காம இதைச் சொல்லும்.

இன்னொரு ஓரத்துக்குப் போங்க. 2015 டிசம்பர் முதல் தேதி வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. ஒரே நாள் கணக்கில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், இங்கேருந்து பூந்தமல்லி தாண்டினா செம்பரம்பாக்கம், அங்கே 47. அந்த 470 மில்லிமீட்டரைப் போடுங்க. 1 கழித்தல் நார்ம்.டிஸ்ட்(470, 4, 15, ட்ரூ). விடை பூஜ்யம். சுத்தமான பூஜ்யம். நடக்கவே வாய்ப்பில்லைன்னு சொல்லுது. மாடி வரைக்கும் தண்ணி ஏறின வீடுகளில் போய் அதைச் சொல்லுங்க பார்ப்போம்.

(இந்தப் பூஜ்யத்தில் ஒரு பகுதி கம்ப்யூட்டரோட குறையும்கூட. 1-க்கு மிக நெருக்கமான எண்ணை 1-இலிருந்து கழிக்கும்போது தசமங்கள் கரைஞ்சு போகும். வளைவு சமச்சீர் என்பதால் வலது ஓரத்துக்குப் பதிலா இடது ஓரத்தைக் கேட்டா, நார்ம்.எஸ்.டிஸ்ட்(மைனஸ் 31, ட்ரூ) மாதிரி, பூஜ்யத்துக்குப் பதிலா ஒரு கண்ணுக்குத் தெரியாத சின்ன எண் வரும். அதுவும் உண்மை மழைக்குப் பயன்படாது, வேற வேலைகளில் உதவும்.)

இந்த விஷயம் புதுசில்ல. வானிலைத் துறைத் தலைவரா 1904 முதல் 1924 வரைக்கும் இருந்த கில்பர்ட் வாக்கர் அடிப்படையில் கணிதக்காரர். பருவமழையைப் புள்ளியியல் வச்சுக் கணிக்க அவர் போட்ட கணக்குதான் நாம போட்டதுக்குப் பாட்டன். 1931-இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கின மகலனோபிஸ், அதுக்கு முன்னாடி அலிப்பூர் வானிலை ஆய்வகத்தில் இருந்தவர், வெள்ளங்களைப் பத்தி ஆராய்ச்சி செஞ்சவர். இந்த நாட்டில் புள்ளியியல் வளர்ந்ததே மழையில் நனைஞ்சுதான்.

அப்ப பெரியப்பாவுக்கு என்ன சொல்றது? ஃபங்ஷன் எல்லாத்தையும் மூடிட்டு எண்ண ஆரம்பிச்சோம். "கடைசி இருபது வருஷத்தில் எத்தனை வருஷம் ஏரி நிரம்பலை?" அவர் வருஷக் கணக்கில் ஞாபகம் வச்சிருக்கலை. தங்கச்சி பிறந்த வருஷம், மூத்த மகள் கல்யாணம், வார்தா புயல், மாடு விற்ற வருஷம், இப்படி ஒவ்வொண்ணா. பெரியம்மா ரெண்டு இடத்தில் திருத்தினாங்க. கடைசியில் ஆறு. ஷீட்டில் இருபது வரிசை, ஒவ்வொண்ணிலும் 1 அல்லது 0, கீழே ஆவரேஜ். 0.3.

மணி வளைவு இல்ல, சிக்மா இல்ல. இருபது எண் மட்டும் இருந்தா, அந்த 0.3-ஏ ரெண்டு பக்கமும் பத்து புள்ளி ஆடக்கூடியதுதான், நான் அதையும் சொன்னேன். அவர் அந்தப் பகுதியைக் காதில் வாங்கலை.

"பத்துக்கு மூணு" என்றார். கொஞ்ச நேரம் கழிச்சு, "மூணு வருஷம் நிலம் சும்மா கிடந்தா வட்டியைவிட அதிகம் போகுது" என்றார்.

நகையில் பாதியைத்தான் வச்சாங்க. போர் முழுசா புதுசா இறக்கலை, இருக்கிறதையே ஆழப்படுத்தினார். தங்கச்சி அந்த ஷீட்டை அழிக்காம வச்சிருக்கா. 2025-க்கு எதிரே 1 போடறதா 0 போடறதா என்று பொங்கலுக்குப் போனப்போ கேட்டேன். ஏரி கடைவாசல் வரைக்கும் வந்துதாம், வழியலையாம். நிரம்பினதா கணக்கா இல்லையா என்று அப்பாவும் பொண்ணும் இன்னும் சண்டை.

அடுத்த எபிசோடில் இதே ஷீட்டில் வேறொரு கேள்வி. நீங்க உங்க ஊர் மழை எண்களைப் போட்டுப் பார்த்தா, முதல் வேலையா ஹிஸ்டோகிராம் வரைஞ்சு பாருங்க, அப்புறமா நார்ம்.டிஸ்ட். கடைசியில் ட்ரூ போட மறந்துடாதீங்க.